இரண்டு துலுக்காணம்

ஷைனி அந்த ஐந்து வரிகளை அழித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அழிக்கும்போது அவளுக்கு வேலை முடிந்த திருப்திகூட இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் அவர்கள் குடியிருந்தார்கள். கணவன் அந்தோணிக்கு இரும்பு உருக்காலையில் ஷிஃப்ட் வேலை. ஷைனி பன்னிரண்டு வருடம் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். அவளுடைய பிரிவை மூடிய பிறகு வீட்டிலிருந்தே ஆய்வேடுகளைச் சரிசெய்து கொடுத்தாள். லேடெக் என்ற மென்பொருளில் எழுதிவிட்டு, கடைசியில் நூற்பட்டியல் வராமல் முழிக்கிற பிள்ளைகள் ஒருவர் சொல்லி ஒருவராக அவளிடம் வந்தார்கள். “ஷைனி அக்காகிட்ட குடு, கேள்விக்குறி எல்லாம் போயிடும்” என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கேள்விக்குறி என்று அவர்கள் சொன்னது இதைத்தான். ஆய்வேட்டில் பயன்படுத்துகிற ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு சுருக்கப் பெயர் வைக்க வேண்டும். ‘கீ’ என்பார்கள். யார் எழுதியது, என்ன தலைப்பு, எந்த வருடம், எந்த ஊர் என்ற விவரமெல்லாம் தனியாக ஒரு ஃபைலில் இருக்கும். எழுதிக்கொண்டு போகும்போது கீயை மட்டும் போட்டால் போதும். மென்பொருள் அந்த விவரத்தைத் தேடி எடுத்துவந்து, எண் கொடுத்து, கடைசிப் பக்கங்களில் பட்டியலாக அடுக்கிவிடும். தேடியது கிடைக்கவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டுப் போய்விடும்.

தேவதர்ஷினியின் ஆய்வேடு வந்தபோது அதில் எங்கு பார்த்தாலும் கேள்விக்குறி. பழவேற்காடு ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரம் எந்தெந்த வருடங்களில் மணல் மூடி அடைபட்டது, அதனால் இறால் வரத்து எப்படி மாறியது என்பது அவள் ஆய்வு. அவளும் ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள்தான். ஷைனி உட்கார்ந்து பார்த்தாள். நாற்பத்தோராவது ஆதாரத்தில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் இருந்தது, மூடினாள். ஓர் ஆய்விதழின் பெயரில் மென்பொருளுக்கு ஆகாத ஒரு குறி இருந்தது, மாற்றினாள். கேள்விக்குறிகள் எல்லாம் போய் எண்கள் வந்துவிட்டன. ஒரே ஒரு புகார் மட்டும் மிச்சம். ‘இந்தக் கீயில் ஏற்கெனவே ஓர் ஆதாரம் இருக்கிறது, இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை’ என்று சொன்னது.

இரண்டையும் பார்த்தாள். இரண்டிலும் க. துலுக்காணம். இரண்டிலும் ‘பாடு நோட்டு’. இரண்டிலும் தொடக்க வருடம் 1996. பிள்ளைகள் அவசரத்தில் ஒன்றையே இரண்டு முறை ஒட்டிவிடுவது வழக்கம். இரண்டாவதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மென்பொருள் ஒரு புகாரும் சொல்லவில்லை. அன்றைக்கே அனுப்பிவைத்தாள்.

வாய்மொழித் தேர்வு முடிந்து, புத்தகம் கறுப்பு அட்டை போட்டு வந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை தேவதர்ஷினி போன் செய்தாள். ஷைனி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, புக்கு எடுத்துக்கினு நேத்து ஊருக்குப் போனேன்கா. அங்காளம்மா அத்தை எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசல. அவங்க வீட்டுக்காரர் பேரு புக்குல இல்லவே இல்லையாம்.”

“யாரு வீட்டுக்காரர்?”

“துலுக்காணம் மாமா. செத்து நாலு வருசம் ஆச்சு. பாடு நோட்டு எழுதுனவரு.”

ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதுதான் பாடு. அந்த முறையை எழுதிவைப்பவர் சிலர், முகத்துவாரம் திறந்திருந்ததா, அடைந்திருந்ததா, என்ன கிடைத்தது என்பதையும் கூடவே எழுதிவைத்திருந்தார்கள். தேவதர்ஷினியின் ஊரான மணல்மேட்டுக் குப்பத்தில் எழுதியவர் கலியன் மகன் துலுக்காணம். பக்கத்து ஆலங்குப்பத்தில் எழுதியவர் கன்னியப்பன் மகன் துலுக்காணம். அவர் உயிரோடு இருக்கிறார். துலுக்காணத்தம்மனை வேண்டிப் பெற்ற பிள்ளைகள் இல்லாத குப்பம் அந்தக் கரையில் கிடையாது.

“ரெண்டு ஊருக்கும் வலை போடற ஒரு பாட்டு எடத்துக்காக ஆகாதுக்கா. இப்ப என் புக்குல எல்லா தேதியும் ஆலங்குப்பத்து நோட்டுலேர்ந்து எடுத்ததுன்னு வந்திருக்குது. அத்தை மவன் குணாளன்தான் பட்டியலப் படிச்சுக் கண்டுபுடிச்சான். நான் நோட்ட வாங்கிக்கினு போய் அந்த ஊருக்கு வித்துட்டேன்றாங்க. அத்தை ஒரே ஒரு கண்டிசன்தான் போட்டாங்க. போட்டோ புடிக்கக் கூடாது, கையால எழுதிக்கோ, ஆனா அவரு பேரு புக்குல வரணும்னு. சத்தியம் பண்ணிக் குடுத்தேன்.” மூக்கை உறிஞ்சினாள். “நீங்க அனுப்புன ஃபைலத் தொறந்து பாத்தேன். ஒருத்தர் பேருதான் இருக்குது. நான்தான் ரெண்டாவது ஆள போட மறந்துட்டேன் போல.”

ஷைனியின் கையில் ஈரச் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“சில நேரம் அப்படி ஆவும்மா. அழாத.”

போனை வைத்த பிறகு உள்ளே போய்ப் பழைய மின்னஞ்சலைத் தேடினாள். தேவதர்ஷினி முதலில் அனுப்பிய ஃபைலில் அந்த ஐந்து வரிகள் அப்படியே இருந்தன. நான்காவது வரியில் மணல்மேட்டுக் குப்பம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அவள் நான்காவது வரி வரை படிக்கவில்லை.

முழங்காலில் நின்று பார்த்தாள். ஜெபம் வரவில்லை. தவறு செய்த கை ஒன்று, அதை ஒரு பெண் தன் தவறு என்று சொல்லி அழும்போது ஆறுதல் சொன்ன வாய் ஒன்று. இரண்டில் இரண்டாவதுதான் அவளைத் தலைநிமிர விடவில்லை. கடவுள் நம் பிழைகளைப் பார்க்கிறார் என்று பயப்படுகிறோம். அந்தப் பிழையை இன்னொருவர் சுமந்துகொண்டு போவதை நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதையும் அவர் பார்க்கிறார்.

மூன்று மணிக்கு அந்தோணி வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இன்னா, கொழம்பு தீஞ்சிடுச்சா?” என்றான். சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

“இதுக்கா? சத்தமில்லாம சரி பண்ணி, புதுசா ஒண்ணு அனுப்பிடு.”

“எப்படிங்க சரி பண்றது? அந்த கீ இருபத்து மூணு எடத்துல வருது. எது இந்த ஆளோடது, எது அந்த ஆளோடதுன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம ஒண்ணும் பண்ண முடியாது.”

“ரெண்டு பேருக்கும் ஒரே கீய வச்சது அந்தப் பொண்ணுதான? பாதித் தப்பு அது மேலதான்.”

“ஆமா. அதத்தான் மிஷினு கேட்டுது, இது ரெண்டும் ஒண்ணா வேறயான்னு. நான்தான் அது வாய அடைச்சேன். கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

அந்தோணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். “நாளைக்கு எனக்கு ஆஃப். எங்க போவணுமோ சொல்லு, வண்டில கொண்டு போயி உடுறேன்.”

அவள் தேவதர்ஷினிக்குப் போன் செய்து சொன்னாள்.

“ஏன்கா காலைல சொல்லல?”

“பயந்துட்டேன்மா.”

“நான் காலைலேர்ந்து சாப்பிடலக்கா” என்றாள் தேவதர்ஷினி. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ஷைனிக்கு அது அதிகமாக வலித்தது. பிறகு தேவதர்ஷினியே சொன்னாள்: “என் டைரிலயும் துலுக்காணம்னு பேரு மட்டும்தான் எழுதி வச்சிருக்கேன். எனக்குத் தெரியும்ன்ற திமிரு. இப்ப பாத்தா எனக்கே கொழப்பமா இருக்குது. அத்தை நோட்ட மறுபடி பாத்தாதான் பிரிக்க முடியும். அவங்க என்ன ஊட்டுக்குள்ள உடமாட்டாங்க.”

“நான் வந்து கேக்கறேன்.”

மறுநாள் அந்தோணி பழவேற்காட்டுப் பாலம் தாண்டிக் குப்பத்து வளைவில் இறக்கிவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். தேவதர்ஷினி அங்கே காத்திருந்தாள். ஒல்லியான பெண், துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரில் வந்த இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அங்காளம்மாள் வீட்டு வாசலில் குந்தி இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேவதர்ஷினியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அம்மா, தர்ஷினி மேல தப்பு இல்ல. அது எழுதித்தான் இருந்துச்சு. நான்தான் அழிச்சிட்டேன்” என்றாள் ஷைனி.

“நீ யாரு?”

“அந்த புக்க கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக் குடுத்தவம்மா.”

“சரி பண்ணவளா!” உரித்த இறால் தலை பறந்துபோய்ப் பாத்திரத்தில் விழுந்தது. “நல்லா பண்ண. எத்தினி வரி அழிச்ச?”

“அஞ்சு.”

“கரண்டு போனா டார்ச்ச வாயில கவ்விக்கினு எழுதுவாரு அந்த மனுசன். இருவது வருசத்துக்கு மேல. நீ அஞ்சு வரில முடிச்சிட்ட.” இன்னொரு இறாலை எடுத்தாள். “இன்னாத்துக்கு அழிச்ச? அத்தச் சொல்லு.”

“பேரு ஒண்ணா இருந்துச்சு. வருசமும் ஒண்ணு. ரெண்டு தபா ஒட்டிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்.”

“ஊரு பேரு வேற இல்ல?”

“பாக்கலம்மா.”

“அதான் ஏன் பாக்கலன்றேன்.”

வருகிற வழியெல்லாம் ஷைனி ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். வேலை நெருக்கடி, ஒரே வாரத்தில் மூன்று ஆய்வேடுகள் என்று. அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தபோது அதைச் சொல்ல முடியவில்லை.

“ஏரில போறவங்கள்ல ஒருத்தர் நோட்டு எழுதி வச்சிருந்தார்ன்றதே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சும்மா. ரெண்டு பேர் எழுதியிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல.”

தேவதர்ஷினி சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். போனில் ஷைனி இதைச் சொல்லியிருக்கவில்லை. ஷைனிக்குக் காது வரை சூடேறியது. அவள் அம்மா ஆரணியாற்று ஓரம் அடுத்தவர் நிலத்தில் களையெடுத்தவள். அந்த அம்மாவின் மகள் படிக்கிறாள் என்று கேட்டு ஆச்சரியப்பட்டவர்களின் முகங்கள் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தன. அந்த முகம் தனக்கும் எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்காளம்மாள் கையிலிருந்த இறாலை உரித்து முடித்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

“நெசத்தச் சொல்ட்ட. இத்தினி பேரு பொய் சொல்லிக்கினு வர்றானுங்க.” முந்தானையில் கையைத் துடைத்தாள். “நாஷ்டா துன்னீங்களா ரெண்டு பேரும்?”

“ஆச்சும்மா.”

“மூஞ்சியப் பாத்தா ஆன மாதிரி தெரியல. உள்ள வாங்க. தர்ஷினி, உனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சிக் கூப்புடணுமா?”

தேவதர்ஷினி வாசற்படியில் நின்று அழுதுவிட்டாள். “அழுவறத உள்ள வந்து அழு, வெளில வெயிலு” என்றாள் அங்காளம்மாள்.

சோறும் இறால் தொக்கும் வைத்தாள். ஷைனிக்கு இறங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தட்டில் பெரிய இறாலாகப் பொறுக்கிப் போடுகிற கையை என்ன செய்வது? குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தாள்.

நோட்டு ஒரு துணிக்கடைப் பையில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் இருந்தது. நீலக் கோடு போட்ட கணக்கு நோட்டுகள், மூன்று சேர்த்துத் தைத்தது. ஷைனி மடிக்கணினியைத் தரையில் வைத்துக்கொண்டாள். தேவதர்ஷினி ஆய்வேட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகப் படித்தாள். பிறகு நோட்டில் அந்தத் தேதியைத் தேடினாள். இருந்தால் இவர், இல்லாவிட்டால் ஆலங்குப்பத்துக்காரர். சில தேதிகள் இரண்டிலும் இருந்தன. அங்கேதான் தடுமாற்றம் வந்தது.

“ரெண்டாயிரத்து ரெண்டு, ஆடி மாசம். முகத்துவாரம் முழுசா அடைஞ்சிடுச்சு, ஆளே நடந்து போலாம்னு எழுதியிருக்கேன். இது யாரு சொன்னது அத்தை?”

அங்காளம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் யோசிக்கவே இல்லை. “இவரு. நடந்தே அந்தாண்ட போய் எங்க நாத்தனா ஊட்டுல துன்னுட்டு வந்தாரு. எனக்கு ஒரு துண்டு கருவாடுகூட எடுத்தாரல. அன்னிக்கு சண்ட போட்டேன்.”

தேவதர்ஷினி நோட்டைப் புரட்டினாள். “ஆமாத்தை. ‘நடந்து போனேன்’னு எழுதியிருக்கார்.”

“சண்டையும் எழுதியிருக்காரா?”

“இல்லத்தை.”

“அதானே. அத எழுதமாட்டாரே.”

பகல் ஒரு மணிக்கு இருபத்து மூன்றும் பிரிந்துவிட்டன. பதினான்கு மணல்மேட்டுக் குப்பத்துத் துலுக்காணத்துக்கு, ஒன்பது ஆலங்குப்பத்துத் துலுக்காணத்துக்கு. ஷைனி இரண்டு கீக்களிலும் ஊர்ப்பெயரைச் சேர்த்தாள், ஒவ்வோர் இடமாகத் திருத்தினாள், ஓட்டினாள். பட்டியலில் எண்பத்தேழிலும் எண்பத்தெட்டிலும் இரண்டு பேரும் வந்தார்கள்.

“இதுல எது அவரு?”

ஷைனி எண்பத்தேழைத் தொட்டுக் காட்டினாள்.

“பக்கத்துலயே அந்த ஆலங்குப்பத்தான் நிக்கிறானா?”

“எழுத்து வரிசைல வரும்மா. ஒரே பேருல்லியா, அதான்.”

“நிக்கட்டும். இவருக்கும் சீட்டாட ஆளு வேணும்.”

புத்தகத்தில் திருத்தப் பக்கம் ஒன்று ஒட்டிக் கொடுக்கலாம் என்று தேவதர்ஷினியின் வழிகாட்டி சொல்லியிருந்தார். அதையும் அங்கேயே அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். ‘பக்கம் அமைத்தவரின் பிழையால்’ என்று ஷைனி தொடங்கினாள். தேவதர்ஷினி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“அப்படிப் போட முடியாதுக்கா. என் பேர்ல இருக்கற புக்கு. எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்புன்னு மொதப் பக்கத்துலயே கையெழுத்துப் போட்டிருக்கேன். ‘ஆய்வாளரின் கவனக்குறைவால்’னுதான் போடணும்.”

“நீ கவனக்குறைவா இல்லையேம்மா.”

“கடைசிலே ஒரு தடவ பட்டியலப் படிச்சிருந்தா நானே கண்டுபுடிச்சிருப்பேன். போடுங்கக்கா.”

ஷைனி போட்டாள். தன் விரலாலேயே அந்தப் பெண்ணின் பெயருக்குக் கீழே அந்தக் குறையை அடித்தாள். நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிற வரை அந்த வரி இருக்கும். அழித்ததைத் திரும்ப வைத்துவிட்டாள்; இதை என்ன செய்ய முடியும்?

அவள் முகத்தை அங்காளம்மாள் கவனித்துக்கொண்டிருந்தாள். விஷயம் என்ன என்று கேட்டு, தேவதர்ஷினி சொல்லத் தெரிந்துகொண்டாள்.

“பேப்பருல உன் தப்ப எழுத வோணாம் வுடு. இந்த ஊருல எத்தினி பேரு அந்தப் பேப்பரப் படிக்கப் போறான்? மூணு மணிக்கு எறா ஏலம். ஆலங்குப்பத்துப் பொம்பளைங்களும் வருவாங்க. இவ நோட்ட வித்துட்டான்னு சொன்ன வாயி எல்லாம் அங்கதான் இருக்கும். அங்க வந்து சொல்லு.”

ஷைனி மடிக்கணினியை மூடினாள். ஒரு வீட்டுக்குள் சொல்வது வேறு. அவள் தேவதர்ஷினியைப் பார்த்தாள். ‘வேண்டாம்க்கா’ என்று அவள் சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். தேவதர்ஷினி சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது தேவையாக இருந்தது.

“வரேம்மா” என்றாள் ஷைனி.

ஏலம் தகரக் கூரை போட்ட கொட்டகையில். நடுவில் இறால் கூடைகள், சுற்றிலும் அறுபது எழுபது பேர், பாதிப் பேர் பெண்கள். ஓரத்தில் அங்காளம்மாள் மகன் குணாளன் நின்றிருந்தான். காட்டுப்பள்ளித் துறைமுகத்து வேலைச் சீருடையைக் கழற்றாமல் வந்திருந்தான். ஏலம் விடுகிற வரதன் முதல் கூடையைத் தூக்கப்போன நேரத்தில் அங்காளம்மாள் குரல் கொடுத்தாள்.

“வரதா, செத்த நில்லு. இந்தப் பொண்ணு ஒண்ணு சொல்லணுமாம்.”

எல்லோரும் திரும்பினார்கள். ஷைனி கூடைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் கும்மிடிப்பூண்டிலேர்ந்து வர்றேன். தர்ஷினி புக்க கம்ப்யூட்டர்ல சரி பண்ணது நான்தான். இந்த ஊரு துலுக்காணம் ஐயா பேர தர்ஷினி ஒழுங்கா எழுதியிருந்துச்சு. ரெண்டும் ஒரே ஆளுன்னு நெனச்சு, கேக்காம கொள்ளாம நான் அழிச்சிட்டேன். நேத்து அது போன் பண்ணி அழுதப்பகூட நான் சொல்லல. நோட்ட யாரும் விக்கல. தப்பு என்னோடது.”

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. யாரைப் பார்த்துக் கேட்பது என்று தெரியாமல், கூடைகளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஆலங்குப்பத்துப் பெண் ஒருத்தி கேட்டாள்: “அப்ப எங்க ஊரு ஆளு பேரத் தூக்கிட்டீங்களா?”

“இல்லம்மா. அவரும் இருக்காரு. அவரோடது ஒம்போது, இவரோடது பதினாலு.”

“ஒம்போதே அந்தாளுக்கு ஜாஸ்தி” என்றாள் அவள். “பாதி நாளு தூங்கிட்டுதான எழுதுனாரு.”

சிரிப்பு எழுந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். குணாளன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தேவதர்ஷினி பக்கம் வந்து, அவள் தோளில் தொங்கிய கனமான பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

“கேட்டுக்கினோம்மா. எறா கெட்டுப்போவுது, கொஞ்சம் அந்தாண்ட நகுரு” என்றான் வரதன். முதல் கூடையைத் தூக்கி விலை சொல்ல ஆரம்பித்தான்.

ஷைனி நகர்ந்து தூண் ஓரம் நின்றாள். முகத்தின் சூடு தணியவில்லை. இன்னும் பல நாளைக்கு அது தணியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தணிய வேண்டும் என்றும் அவள் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கம், காலையில் பேச்சை நிறுத்திவிட்டுப் போன பெண்களில் ஒருத்தி, தன் கூடையைக் காலால் இழுத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் செய்தாள். தேவதர்ஷினி துப்பட்டாவைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கூடைகளைத் தாண்டிப் போய் அங்கே உட்கார்ந்தாள்.